எச்சில்நீரின் வழி: காஞ்சிபுரத்தில் பல்தூய்மையும் நன்னீர்க் காப்பும்

ஆய்வுச்சுருக்கம்

நன்னீர்க் காப்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அணை, ஏரி, ஆலைக்கழிவு ஆகிய பெரும்பொருள்களையே பேசுகின்றன. நாள்தோறும் ஒவ்வொருவரும் செய்யும் பல்துலக்குதல் அப்பேச்சில் இடம்பெறுவது அரிது. வாய்க்கு எடுத்துக்கொள்ளும் நீரின் அளவு, வாயிலிருந்து வெளியேறும் நீர் விழும் இடம் ஆகிய இரண்டையும் தமிழ் ஒழுக்க நூலும் காஞ்சிபுரத்து வழிபாட்டு மரபும் ஒருங்கே நெறிப்படுத்தியிருந்தன. குழாயும் சாக்கடையும் அவ்விரண்டையும் கண்ணுக்கு மறைத்துவிட்டன. இம்மாற்றத்தின் விளைவுகளைக் காஞ்சிபுர நகரின் நீர்வழிகளோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், பாலாறு, ஆசாரக்கோவை, பல்துலக்குதல், படிக்கம், மஞ்சள்நீர்க் கால்வாய், புளோரைடு, பாதரசக் கலவை

முன்னுரை

காஞ்சிபுரத்தை ஆற்றங்கரை நகரம் என்று கூறுவதற்குச் சற்றுத் தயக்கம் தேவை. நகரின் தெற்கே பாலாறும் நகரை ஒட்டி வேகவதியும் உள்ளன. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அவற்றில் நீரோட்டத்தைக் காண்பதற்கில்லை. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்திற்குள் நுழையும் பாலாறு, பழையசீவரத்திற்கு எதிர்க்கரையிலுள்ள திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு கடலை நோக்கிச் செல்கிறது. அதன் நீரை மேலே காண்பதைவிட மணலுக்கடியில் காண்பதே இயல்பு. காஞ்சிபுரத்தின் குடிநீர், பாலாற்றுப் படுகையில் அமைந்த கிணறுகளை நம்பியே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. மழை பெய்யினும், அதன் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. தொண்டைமண்டலம் ஏரிகளால் நிறைந்தமைக்குக் காரணம் இதுவே. மணிமேகலைக் காப்பியமும் காஞ்சியை மழை பொய்த்துப் பசியுற்ற நகரமாகவே முதலில் அறிமுகப்படுத்துகிறது.

வேகவதிக்கு ஒரு தலபுராணச் செய்தி உண்டு. நான்முகனின் வேள்வியைக் குலைக்கச் சரசுவதி ஆறாகப் பெருகி வந்தாள் என்றும், திருவெஃகாவில் திருமால் அதன் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்றும் கூறுவர். இறைவனே அணையாகக் கிடந்து தடுக்கவேண்டிய அளவுக்கு வேகம் கொண்டதாகக் கருதப்பட்ட ஆறு, இன்று கரைகள் சுருங்கி, நகரின் கழிவுநீரை ஏற்கும் ஓடையாக மாறியிருக்கிறது. நகரின் ஊடே செல்லும் மஞ்சள்நீர்க் கால்வாயின் நிலையும் இதுவே. மழைநீர் வடிகாலாகிய அது கழிவுநீரைச் சுமந்து நத்தப்பேட்டை ஏரியை நோக்கிச் செல்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பில்லாத வீடுகளில், காலையில் வாய்கொப்பளித்துத் துப்பும் நீர் தெருவோரச் சாக்கடை வழியே இறுதியில் இத்தகைய நீர்வழிகளையே அடைகிறது. இக்கட்டுரை பின்தொடர முயல்வது அந்நீரின் வழியை.

சொற்கள் காட்டும் உறவு

வாயையும் நீர்வழியையும் ஒன்றன்வழி மற்றொன்றை உணர்த்தும் சொற்கள் தமிழில் மிகுதி. ஆற்றிலிருந்து கால் பிரியுமிடம் வாய்த்தலை. பிரிந்து செல்வது வாய்க்கால். மதகுக்கும் வாய் உண்டு. கிணற்றுக்கும் வாய் உண்டு. பல்லைத் துலக்குவதற்கும் செம்பைத் துலக்குவதற்கும் வினை ஒன்றே. விளக்குதல் என்பதும் அவ்வாறே பல்லுக்கும் பாத்திரத்திற்கும் பொதுவாக வழங்கி வருகிறது. வாயை ஒரு கலமாகக் கருதும் நோக்கு இவ்வழக்கில் புலப்படுகிறது.

எச்சில் என்னும் சொல் இங்குத் தனிக்கவனத்திற்குரியது. எஞ்சியது என்னும் பொருளடியாகப் பிறந்த இச்சொல், உமிழ்நீரையும் உண்டு எஞ்சியதையும் வாய்பட்ட பொருளையும் சேர்த்தே குறிக்கிறது. எச்சில்பட்ட நீர் மீண்டும் பொதுநீருடன் கலக்கலாகாது என்னும் எண்ணம் சொல்லின் பொருளுக்குள்ளேயே உறைந்துள்ளது. அண்ணாந்து குடிக்கும் வழக்கமும் இதன் தொடர்ச்சியே.

ஆசாரக்கோவையின் விதிகள்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் அன்றாட உடல்தூய்மையை விரிவாகப் பேசுவது பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை. வைகறையில் எழுவது தொடங்கி உண்பது, உறங்குவது, நீராடுவது வரை அன்றாடச் செயல்களுக்கு அது விதி கூறுகிறது. பல்துலக்கும் குச்சியைக் ‘கோல்’ என்னும் சொல்லால் சுட்டும் அந்நூல், நாட்காலையில் பல்துலக்கிக் கண்கழுவிய பின்னரே தெய்வத்தைத் தொழவேண்டும் என்கிறது. பல்தூய்மை பற்றி இந்நூலிலிருந்து எடுத்துக்காட்டப்படுவது பெரும்பாலும் இவ்விதி ஒன்றே. எனினும் நீர்க்காப்பு நோக்கில் பயன்மிக்கவை வேறு மூன்று விதிகள்.

நீராடும்போது நீந்துதல், உமிழ்தல், மூழ்கித் திளைத்தல், விளையாடுதல் ஆகியவற்றை அறிவுடையோர் செய்யார் என்பது முதலாவது. நடந்துகொண்டும் நீருக்குள் நின்றுகொண்டும் வாய்பூசலாகாது என்பது இரண்டாவது. உமிழ்தற்கும் உடற்கழிவு நீக்குதற்கும் ஆகாத பத்து இடங்களை வரிசைப்படுத்துவது மூன்றாவது. அப்பட்டியலில் பயிர், வழி, நிழல், ஆனிலை முதலியவற்றோடு தீர்த்தமும் இடம்பெறுகிறது. இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. வாய்தூய்மைக்கு நீர் வேண்டும். அந்நீரை நீர்நிலையிலிருந்து எடுக்கலாம். ஆனால் வாயிலிருந்து வெளியேறும் நீர் அந்நீர்நிலைக்குள் விழலாகாது. எடுக்குமிடமும் விடுமிடமும் பிரிக்கப்பட்டுள்ளன. இன்றைய பொதுநலவியல் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் பிரித்துவைப்பதன் அடிப்படையும் இதுதான்.

இவ்விதிகளைச் சூழலியல் அறிவாகவே கொண்டு வியப்பது மிகை. அந்நூல் வடமொழி ஆசார நூல் மரபைத் தழுவியது என்பதைப் பாயிரமே ஒப்புக்கொள்கிறது. அதன் நோக்கம் சடங்குத்தூய்மை. நுண்ணுயிர் பற்றிய கருத்து அதில் இல்லை. நீரில் தன் நிழலைப் பார்க்கலாகாது என்னும் விதியும் அங்கு உண்டு. அதற்கும் நீரின் தரத்திற்கும் எத்தொடர்பும் இல்லை. விதி எதற்காகத் தோன்றியது என்பதும், கடைப்பிடிக்கப்பட்டபோது நீருக்கு என்ன நேர்ந்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாம் கேள்விக்கே இங்கு விடை தேடப்படுகிறது.

வட்டிலும் படிக்கமும்

நூலில் விதியாக உள்ளது காஞ்சிபுரத்தில் நாள்வழிபாடாக நிகழ்கிறது. வரதராசப் பெருமாள் கோயில் பாஞ்சராத்திர ஆகமநெறியைப் பின்பற்றுவது. சயாக்கிய சங்கிதை அக்கோயிலுக்குரிய நூல். இந்நெறியின் வழிபாட்டில் இறைவனை நீராட்டத்திற்கு எழுந்தருளச் செய்யும் நிலையில், பல்குச்சி அளித்தல், நாவழித்தல், வாய்கொப்பளிக்க நீர் தருதல் ஆகியன தனித்தனி உபசாரங்களாக எண்ணப்படுகின்றன. இராமானுசரின் நித்தியகிரந்தமும் இவற்றை இம்முறையில் குறிப்பிடுகிறது. மனிதரின் காலைக்கடன் இறைவனுக்கும் உரியதாக ஆக்கப்பட்டுள்ளது.

இங்கு நோக்கத்தக்கது நீர் கையாளப்படும் முறை. அர்க்கியம், பாத்தியம், ஆசமனீயம், நீராட்டுநீர், பொதுத்தூய்மைநீர் என ஐந்து வட்டில்களில் நீர் தனித்தனியே நிரப்பி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு உபசாரத்திற்கும் உரிய வட்டிலிலிருந்து உத்தரணி எனப்படும் சிறு கரண்டியால் நீர் முகக்கப்படுகிறது. சமர்ப்பிக்கப்பட்ட நீர் தரையில் விடப்படுவதில்லை; படிக்கம் என்னும் கலத்தில் ஏந்தப்படுகிறது. கால் கழுவும் நீரும் வாய்க்குரிய நீரும் ஒரே வட்டிலிலிருந்து எடுக்கப்படுவதில்லை. முழுமையான ஓர் உபசாரத் தொடர் சில செம்பு நீருக்குள் நிறைவேறிவிடுகிறது. அளவு உத்தரணியில், வீழிடம் படிக்கத்தில். நீர்மேலாண்மை என்னும் இன்றைய சொல் குறிப்பிடும் இரு முனைகளும் ஒரு தட்டிற்குள் அடங்கியுள்ளன.

இச்சிக்கனத்திற்கு ஒரு பின்னணியும் உண்டு. வைணவ குருபரம்பரை வரலாறுகளின்படி, இராமானுசர் காஞ்சியில் வாழ்ந்த இளமைக்காலத்தில் வரதராசரின் திருமஞ்சனத்திற்காகச் சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் நீர் சுமந்துவரும் தொண்டினை மேற்கொண்டிருந்தார். செவிலிமேட்டில் அக்கிணறு இன்றும் காட்டப்படுகிறது. ஊருக்கு வெளியே இருந்த கிணற்றிலிருந்து தோளில் சுமந்து வந்த ஒருவர் பின்னாளில் வழிபாட்டுமுறையை எழுதுகையில், கரண்டிக் கணக்கில் நீரளக்கும் முறையைப் பின்பற்றினார் என்பது பொருத்தமாகவே அமைகிறது. அம்முறை அவருக்கு முந்தைய ஆகமங்களிலும் உள்ளது. எனவே சுமையே முறையை உண்டாக்கிற்று என்று வாதிட இடமில்லை. நீரைச் சுமப்பவர் அளவறிவார் என்பதற்கு மட்டும் இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

அக்கோயிலின் அனந்தசரசுக் குளம் 2019இல் நாடறிந்ததாயிற்று. நீருக்கடியில் வைக்கப்பட்டுள்ள அத்திமரத் திருமேனியாகிய அத்திவரதர், 1979ஆம் ஆண்டுக்குப் பிறகு அவ்வாண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாள்கள் வெளியே எழுந்தருளினார். ஆலும் அரசும் அத்தியும் இத்தியும் நாற்பால் மரங்கள் எனப்படும். பல்துலக்கப் பயன்படும் ஆலுக்கு இனமான அத்தி நீருக்குள் நாற்பதாண்டு இருந்து மீள்வது தனியே ஆராயத்தக்கது. அதே கோடையில்தான் சென்னைக்கு நீர்தரும் ஏரிகள் வறண்டு, அந்நகர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. திருமேனியை எழுந்தருளச் செய்வதற்காகக் குளநீரை இறைப்பது நாற்பதாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. அதனை வழக்கம் எனலாமே தவிரப் பழக்கம் எனல் இயலாது. நீரைக் காப்பது நாள்தோறும் நிகழ்வனவற்றையே பொறுத்தது.

யாருடைய நீர்நிலை

மரபைப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிவாரியம் என்னும் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. நீர்நிலைக்குப் பொறுப்பான ஓர் அமைப்பு ஆயிரமாண்டுகளுக்கு முன்பே இருந்தமைக்கு அவை உறுதியான சான்று. ஆனால் அது பிராமணச் சபையின் வாரியம். எச்சில் பற்றிய விதி நீரைத் தூய்மையாக வைத்திருந்த அதே சமூகத்தில், தீட்டு பற்றிய விதி மக்களில் ஒரு பகுதியினரைக் குளத்தின் படிகளிலிருந்தே விலக்கி வைத்தது. பொதுக் கிணறுகளும் குளங்களும் சாலைகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானம், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனால் 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. நீர்க்காப்பு மரபை மீட்பது பற்றிப் பேசும் கட்டுரைகள் இவ்வாண்டினையும் குறிப்பிடுதல் நலம்.

குழாயடியில்

இன்றைய வீடுகளில் நிகழ்வதற்குக் கணக்கு எளிது. நிமிடத்திற்கு 6 லிட்டர் விடும் குழாயைத் திறந்து வைத்தபடியே 2 நிமிடம் பல்துலக்கினால் 12 லிட்டர் செலவாகிறது. காலையும் இரவும் துலக்குவோர்க்கு நாளொன்றுக்கு 24 லிட்டர். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 96 லிட்டர். ஊரகக் குடும்பங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வகுத்துள்ள அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர்; பாதாளச் சாக்கடையுள்ள நகரங்களுக்குரிய அளவு 135 லிட்டர். முன்னதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலும், பின்னதில் ஆறில் ஒரு பங்குக்கு மேலும் பல்துலக்கும் நேரத்தில் மட்டும் வீணாகின்றது. செம்பில் முகந்துகொள்வோர்க்கு இதே பணிக்கு அரை லிட்டர் போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காஞ்சிபுர நகரின் மக்கள்தொகை 1,64,384. ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 10 லிட்டரைச் சேமித்தால் 16 இலட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 164 நிரம்பும்.

இக்கணக்கை எல்லோர்க்கும் பொதுவாக ஓதுவது முறையன்று. தெருக்குழாயில் வரிசையில் நின்று குடத்தில் பிடித்துவரும் குடும்பத்தில் யாரும் குழாயைத் திறந்துவிட்டுப் பல்துலக்குவதில்லை. நெசவாளர் குடியிருப்பாகிய பிள்ளையார்பாளையம் போன்ற நெருக்கமான தெருக்களில் ஒரு வாளியும் ஒரு குவளையுமே நீரின் அளவுகோல். சிக்கன அறிவுரைக்கு உரியவர்கள் மாடித்தொட்டியும் மின்விசைக்குழாயும் உள்ள வீட்டினர். அத்தகைய அறிவுரைகளை எழுதுவோரும் பெரும்பாலும் அவர்களே.

குறைந்த நீர் பல்லுக்குத் தீங்கில்லை என்பதோடு நன்மையும் தரும் என்பது பலர் அறியாத செய்தி. புளோரைடு கலந்த பற்பசையால் துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, மிகுதியான நீரால் கொப்பளிக்காதிருப்பதே நல்லது என்று இங்கிலாந்தின் பல்நல வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. உடனே நன்கு கொப்பளித்தால், எனாமலைக் காக்கவேண்டிய புளோரைடு நீரோடு போய்விடுகிறது. வாய் நிறைய நீர்கொண்டு பலமுறை கொப்பளிப்பதைத் தூய்மை என்று பழகிய தமிழர்க்கு இது ஏற்க அரிதாகவே இருக்கும். உணவுக்குப் பின் கொப்பளிப்பதற்கு இத்தடை இல்லை; அது பல்லிடுக்கில் எஞ்சியதை நீக்கும் நற்பழக்கம். பற்பசையின் அளவும் அவ்வாறே மறுபார்வைக்குரியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவும் போதும் என்பது பல்மருத்துவர் பரிந்துரை. துலக்கியின் முழுநீளத்திற்கும் பசை பிதுக்குவது விளம்பரப் படங்கள் கற்பித்த பழக்கம்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழியை இவ்விடத்தில் எல்லோரும் நினைவுகூர்வர். ஆலம்விழுதும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் மென்று முடியும்வரை நீர் வேண்டாதவை, எறிந்தால் மண்ணாகின்றவை. மேற்காசியாவில் மிசுவாக் என வழங்கும் உகாய்மரக் குச்சியை, அவ்வழக்கம் உள்ள பகுதிகளில் ஊக்குவிக்கலாம் என உலக நலவாழ்வு அமைப்பும் 1980களில் கூறியது. ஆனால் இக்குச்சிகளில் சொத்தையைத் தடுக்கப் போதிய புளோரைடு இல்லை. கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை அவை எளிதில் எட்டுவதுமில்லை. செங்கற்பொடி, கரித்தூள், கரடான உப்பு ஆகியன எனாமலைத் தேய்ப்பவை. இவற்றை மரபு என்பதற்காகப் பரிந்துரைப்பது பல்லுக்கு இழைக்கும் தீங்கு.

சாக்கடையில் சேர்வன

எச்சில்நீர் முற்காலத்தில் உமிழ்நீரும் மரநாரும் மட்டுமே கொண்டது. அதனைத் துப்பிய இடத்து மண்ணே ஏற்றுக்கொண்டது. இன்று அதில் நுரையூட்டிகள், சுவையூட்டிகள், தேய்ப்புப் பொருள்கள் கலந்துள்ளன. சில பற்பசைகளில் சேர்க்கப்பட்டிருந்த நுண்நெகிழி மணிகள் சுத்திகரிப்பு நிலையங்களின் வடிகட்டிகளையும் கடந்து நீர்நிலைகளை அடைந்தமையால், அமெரிக்கா 2015இல் இயற்றிய சட்டத்தின்வழி அவற்றைத் தடைசெய்தது. அச்சட்டம் பற்பசையைப் பெயர்சுட்டியே உள்ளடக்கியது. ட்ரைகுளோசான் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி நீர்வாழ் பாசிகளுக்குத் தீங்கானது. பற்பசைகளிலிருந்து அது படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. துலக்கியும் நீர்வழியில் சேரும் பொருளே. மூன்று மாதத்திற்கு ஒன்றை மாற்றவேண்டும் என்னும் பரிந்துரையை அனைவரும் பின்பற்றினால், காஞ்சிபுர நகரம் மட்டும் ஆண்டுக்கு ஆறரை இலட்சம் துலக்கிகளை எறியும். மழைக்காலத்தில் மஞ்சள்நீர்க் கால்வாயின் அடைப்புகளில் நெகிழிப்பைகளுக்கிடையே அவையும் சிக்கிக்கொள்கின்றன.

பட்டுநகரின் நீர் இச்சுமையை மட்டும் ஏற்பதன்று. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு செரிசின் என்னும் பசைப்பொருள். சவர்க்காரமும் சோடாவும் இட்ட கொதிநீரில் பட்டை வேகவைத்து அப்பசையை நீக்கிய பின்னரே சாயம் ஏற்றப்படுகிறது. ஒரு கிலோ பட்டுக்குக் கால்கிலோ வரையிலான பசை நீரில் கரைந்து வெளியேறுகிறது. அலசிய சாயநீர் அதனைப் பின்தொடர்கிறது. பாலாற்று நீரே காஞ்சிப்பட்டின் பளபளப்புக்குக் காரணம் என்று நெசவாளர் நம்பிவந்தனர். பளபளப்பைத் தந்த நீருக்கு அவ்வூர் திருப்பித் தந்தது என்ன என்பது வருத்தத்திற்குரிய கேள்வி. பாலாற்றின் மேற்பகுதியில் நிலைமை இதனினும் கொடிது. பல்லீறை இறுக்கும் வேலம்பட்டையின் துவர்ப்பு தோலைப் பதப்படுத்தவும் பயன்பட்டதே. பட்டைகளின் இடத்தைக் குரோமியம் பிடித்தபோது வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் நிலத்தடிநீர் கெட்டது. அதன்பொருட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இவற்றோடு ஒப்பிடுகையில் ஒருவர் வாயிலிருந்து வெளியேறுவது மிகச்சிறிது என்பது உண்மை. ஆனால் அதனை நிறுத்த நீதிமன்றம் தேவையில்லை.

பல்மருத்துவமனையின் துப்புகலத்திலிருந்து வெளியேறும் நீர் தனிவகை. சொத்தைப் பல்லை அடைக்க நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டுவந்த வெள்ளிநிற அமால்கம் கலவையில் எடையளவில் ஏறத்தாழப் பாதி பாதரசம். பழைய அடைப்பைக் குடைந்தெடுக்கும்போது அதன் துகள்கள் நீரோடு வெளியேறிச் சேற்றில் படிகின்றன. அங்கு நுண்ணுயிர்களால் மெத்தில்பாதரசமாக மாறும் பகுதி, மீன்வழி உணவுச்சங்கிலியில் ஏறுகிறது. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பல்மருத்துவத்தில் இதன் பயன்பாட்டைக் குறைக்க நாடுகளைக் கடமைப்படுத்துகிறது. இந்தியா 2018இல் அதற்கு ஏற்புறுதி அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்திவிட்டது. துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிரித்தெடுக்கும் பிரிப்பான் கருவிகளுக்குப் பன்னாட்டுத் தரநிலை உண்டு. கோயிலில் படிக்கம் செய்யும் பணியை மருத்துவமனையில் அக்கருவி செய்கிறது.

பல்தூய்மையும் நீர்க்காப்பும் ஒன்றையொன்று சார்ந்திருப்பது இவ்விடத்தில் மிகத் தெளிவு. சொத்தை உண்டாகாத பல்லுக்கு அடைப்பு வேண்டியதில்லை. குடைதலும் நீர்ப்பீச்சலும் பாதரசமும் வேண்டியதில்லை. இரவு உறங்குமுன் பல்துலக்குவதும் இனிப்பைக் குறைப்பதும் தனிமனித நலத்திற்கான அறிவுரைகளாகவே கருதப்படுகின்றன. ஓர் ஏரியின் அடிச்சேற்றில் பாதரசம் சேராமல் தடுப்பவையும் அவையே.

பல்லே சாட்சி

வெளியேறும் நீரைப் பற்றி இதுவரை கூறப்பட்டது. உள்ளே வரும் நீர் கெட்டால் பல் என்னாகும் என்பதற்குக் காஞ்சியை விட்டுச் சற்று மேற்கே, பாறைநிலமாகிய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை நோக்கவேண்டும். காஞ்சியின் கிணறுகள் ஆற்றுமணலில் ஊறும் மேல்நீரை எடுப்பவை. அம்மாவட்டங்களிலோ குடிநீருக்கு நெடுங்காலம் துணையாக இருந்தவை கடும்பாறையில் துளைத்த ஆழ்குழாய்கள். பாறையோடு நீண்டநாள் தொடர்பிலிருக்கும் நீரில் அதன் புளோரைடு கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த வரம்பு. இந்தியத் தர அமைவனம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை இசைவுடையதாகவும் கொள்கிறது. சிறிதளவில் பல்லைக் காக்கும் அதே பொருள் இவ்வரம்பை மீறும்போது பல்லைக் கறைப்படுத்துகிறது. மேலும் மிகுந்தால் எலும்பை முடக்குகிறது.

தமிழ் மருத்துவ நூலாகிய பதார்த்தகுண சிந்தாமணி ஆற்றுநீர், குளத்துநீர், கிணற்றுநீர், சுனைநீர் என்று நீரை அதன் பிறப்பிடத்தால் வகுத்துக் குணம் கூறுகிறது. நாவே அக்காலத்து ஆய்வுக்கூடம். உவர்ப்பையும் துவர்ப்பையும் கலங்கலையும் வாய் கண்டுகொண்டது. குடிநீரில் கலக்கும் அளவில் புளோரைடுக்குச் சுவையில்லை, நிறமில்லை, மணமில்லை. நா அறியாததைப் பல் பதிவு செய்கிறது. நிலையான முன்பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிகிறது. அதற்குமுன் மிகையான புளோரைடு கலந்த நீரைக் குடித்த குழந்தையின் பல்லில் வெண்திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ தோன்றி வாழ்நாள் முழுதும் நிலைக்கின்றன. எத்தனை துலக்கினும் அக்கறை நீங்காது. அது பல்லின் மேல் படிந்ததன்று, பல்லோடு பிறந்தது. கறைப்பல்லைத் துலக்காமையின் அடையாளமாகக் கருதி எள்ளும் ஊரார்க்கு இது தெரிவதில்லை. பெண்ணுக்கும் ஆணுக்கும் திருமணப் பேச்சு வரும்போது அதன் விலை புரிகிறது.

அம்மாவட்டங்களுக்குத் தீர்வு மேற்பரப்பு நீராகவே வந்தது. சப்பான் நாட்டு நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம், காவிரிநீரைத் தூய்மைப்படுத்தி அங்குள்ள ஊர்களுக்குக் கொண்டுசெல்கிறது. ஒரு பல்நோயின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய குடிநீர்த் திட்டம் தமிழகத்தில் இஃதொன்றே எனலாம்.

காஞ்சிபுரத்தின் கிணறுகளைக் காப்பது பாலாற்றின் மணல். மணல் அள்ளப்படுகையில் நீரைத் தேக்கும் இடம் குறைகிறது. வேகவதியும் ஏரிகளும் கழிவேற்கையில் மேல்நீர் பயனற்றதாகிறது. அதன்பின் எஞ்சும் வழி ஆழத்துளைப்பதே. எத்தனை அடி ஆழத்தில் எந்தப் பாறையின் எந்த உப்பு கரைந்து வருகிறது என்பதை வாயால் அறிய இயலாது. கிராமங்களில் நீரைச் சோதிக்கும் எளிய கருவிப் பெட்டிகள் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்டு, பெண்களுக்கு அவற்றில் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. புளோரைடுச் சோதனையும் அவற்றுள் அடங்கும். பள்ளிகளில் பல்பரிசோதனை முகாம்களும் நடைபெறுகின்றன. முகாமின் பதிவேடு நலத்துறையிடமும், நீர்ச்சோதனைப் பதிவேடு ஊராட்சியிடமும் தனித்தனியே கிடக்கின்றன. எட்டு வயது மாணவரின் முன்பல்லில் உள்ள திட்டினையும் அவர் வீட்டுக் குழாயின் அளவீட்டினையும் ஒரே தாளில் எழுதுவதற்குக் கூடுதல் கருவியோ நிதியோ தேவையில்லை. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு பருவத்தில் காஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் இதனைச் செய்துமுடிக்கக் கூடும்.